கேட்டது ஒரு அல்ட்ராசவுண்ட், கிடைத்தது வேறு

ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் பஸ் ஓட்டுகிறேன். இடுப்பு வலி நான்கு வருடமாகக் கூடவே இருக்கிறது. அங்கே என் பிசியோதெரபிஸ்ட் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவியை வைப்பார். பக்கவாட்டு வயிற்றுத் தசை மூன்று அடுக்காகத் திரையில் தெரியும். அடியில் மெல்லிசாக ஓடுவது டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ். மூச்சை விட்டு முடித்ததும் ஒரு அளவு, தொப்புளை மெல்ல உள்ளே இழுத்து இன்னொன்று. இறுக்கும்போது எவ்வளவு தடிக்கிறது என்பதுதான் கணக்கு. இடுப்பு வலிக்காரர்களுக்கு இந்தத் தசை தாமதமாக வேலை செய்கிறது என்று 1996-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பிசியோதெரபி ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் எழுதினார்கள். எனக்கு அளவைவிட, திரையைப் பார்த்தே சரியாக இழுக்கப் பழகியதுதான் உதவியது.

திருநெல்வேலியில் ஆறு வாரம். ஒரு பிசியோதெரபி சென்டரில், "அல்ட்ராசவுண்ட் இருக்கா தம்பி?" என்றேன்.

"இருக்கு சார், குப்புறப் படுங்க."

ஜெல் தடவி, முதுகில் வட்ட வட்டமாகத் தேய்த்தார். திரையைக் காணோம்! அது ஒலி அலையால் சூடேற்றும் சிகிச்சை மெஷின், படம் காட்டாது. இதமாக இருந்தது, அதுவரை சரி. ஸ்கேன் மெஷின் ஏன் இல்லை என்று அவரே சொன்னார்: கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டம். பதிவு செய்த இடத்தில், தகுதியுள்ள டாக்டர்தான் அதைத் தொடலாம்.

அப்புறம் ஸ்கேன் சென்டர். வாசலில் அந்தச் சட்டத்துக்கான அறிவிப்புப் பலகை. "வயித்து ஸ்கேனா? ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க" என்றது கவுண்டர். தசைக்குத் தண்ணீர் தேவையில்லை என்று சொல்வதற்குள் பாட்டில் கைக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மா விவரம் கேட்டுச் சிரித்தார், ஆனால் பொறுமையாக அளந்தார். சும்மா இருக்கும்போது 3.1 மில்லிமீட்டர், இழுத்தால் 3.5. மூத்திரம் முட்டும்போது எந்தத் தசை இழுக்கும்? பாத்ரூம் போய்வந்தேன், திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். 4.4! "கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலே அளவு மாறிடும் சார், அங்கே எடுத்ததோட ஒப்பிடாதீங்க" என்றார்.

ரிப்போர்ட்டில் கல்லீரல், பித்தப்பை, கிட்னி எல்லாம் நலம். தசைக்குப் படிவத்தில் இடமே இல்லை. அந்த எண்களை ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்.