தற்காப்புக்கு டேக்வாண்டோவா, ஜூடோவா?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வம்புக்கு வருபவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று சட்டையைத்தான் பிடிப்பான். டேக்வாண்டோ உதைக்கு அதைவிட ஓர் எட்டு அதிக இடைவெளி வேண்டும். ஒலிம்பிக் முறைப் போட்டியில் தலை உதைக்கு 3 புள்ளி. முகத்தில் குத்தவும் இடுப்புக்குக் கீழே உதைக்கவும் தடை. அதனால் பலர் கையைத் தாழ்த்தியே பழகுகிறார்கள். தெருவில் முதல் குத்து பெரும்பாலும் முகத்துக்குத்தான் வரும். செருப்புக்காலோடு உயர உதைத்தால் வழுக்கும்.

ஜூடோ அந்தச் சட்டைப் பிடியிலேயே தொடங்குகிறது: எதிராளியின் சமநிலையைக் குலைத்து வீழ்த்துவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி விழும் பயிற்சி பின்மண்டையைக் காக்கும், தார் ரோட்டில் இது பெரிய விஷயம். ஆனால் மெல்லிய சட்டை கிழியும். இருவர் வந்தால் ஒருவனோடு கட்டிப் புரள்வது ஆபத்து.

என் தேர்வு ஜூடோ. பக்கத்தில் டேக்வாண்டோ மட்டுமே இருந்தால், தாழ் உதையையும், முகம் காப்பதையும், பிடித்தவன் கட்டைவிரல் பக்கமாக உங்கள் மணிக்கட்டைத் திருப்பி உருவுவதையும் மாஸ்டரிடம் தனியாகக் கேட்டுப் பழகுங்கள்.