நான்கு மழைக்காலம், ஒரு சொல்தேடும் செயலி

குன்னூரில் எனக்குத் தேயிலைத் தூளும் வர்க்கியும் விற்கும் கடை. ஐப்பசி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் பாதையில் எங்காவது மண் சரியும், மலை ரயில் நிற்கும், வெளியூர்க்காரர்கள் தலைகாட்ட மாட்டார்கள். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த 2022 மழையில்தான் 'வேர்டில்' விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வேறிடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல். மூன்றாம் நாளே தோற்றேன். ரோஷத்தில் கைபேசியில் ஒரு சொல்தேடும் செயலியை இறக்கினேன். இன்றுவரை அதை நீக்கவில்லை.

எத்தனை எழுத்து, எந்த இடத்தில் எது, எங்காவது இருக்க வேண்டியது எது, இருக்கவே கூடாதது எது என்று நான்கு கட்டங்கள். நிரப்பினால் பட்டியல் வந்து விழும். சொற்கள் கைபேசிக்குள்ளேயே இருப்பதால் இணையம் தேவையில்லை. மழைக்கு முன்பே சிக்னல் ஓடிப்போகும் எங்கள் தெருவில் இது சின்ன விஷயமல்ல.

முதல் மாதம் அந்த நான்காவது கட்டத்திடம் நன்றாக ஏமாந்தேன். ஒருநாள் 'லெவல்' என்று போட்டேன். கடைசி இரண்டு எழுத்துகளான இ, எல் பச்சையாயின. முன்னால் இருந்த எல், இ, வி மூன்றும் சாம்பல். சாம்பல் என்றால் கிடையாது என்றுதானே பொருள்? மூன்றையும் 'கூடாதவை' கட்டத்தில் போட்டுவிட்டேன். பட்டியல் காலி. செயலி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். விடை 'ஹோட்டல்'! அதில் எல்லும் இ-யும் ஒவ்வொன்றுதான். இரண்டாவது எல், இரண்டாவது இ இல்லை என்பதைத்தான் சாம்பல் சொல்லியிருக்கிறது. நானோ பச்சையான எழுத்துகளையே சேர்த்து விரட்டியிருக்கிறேன். ஒரே எழுத்து இருமுறை வந்தால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். இதை எச்சரிக்கும் ஒரு வரிகூடச் செயலியில் இல்லை.

செயலியைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் ஆண்டில்தான் எனக்கு உறைத்தது. ஐ, ஜி, எச், டி என்று கடைசி நான்கு எழுத்துகள் தெரிந்துவிட்டன. முதலெழுத்து மட்டும் பாக்கி. எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டால் தோல்விக்கே வாய்ப்பு அதிகம். தெரிந்த எழுத்துகளை மறந்துவிட்டு, எஃப், எல், எம், எஸ் நான்கும் இருக்கும் ஐந்தெழுத்துச் சொல் வேண்டும் என்று கேட்டேன். 'ஃபிலிம்ஸ்' கிடைத்தது. போட்டதும் எம் மஞ்சளானது, அடுத்தது 'மைட்'. கிடைத்த எழுத்துகளை அடுத்த சொல்லிலும் வைத்தே ஆக வேண்டிய கடின முறையில் ஆடுபவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறை என்று பார்த்தால், பட்டியல் அகர வரிசையில் வருவதுதான் பெரிய தொல்லை. ஐந்தெழுத்துச் சொற்கள் மட்டுமே ஏறத்தாழ 13,000. வேர்டில் விடைகளாகத் தொடக்கத்தில் வைத்திருந்தவையோ சுமார் 2,300. புழங்கும் சொல், புழங்காத சொல் என்ற பேதமே செயலிக்குக் கிடையாது. பட்டியலின் தொடக்கத்திலேயே 'ஆலீ' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும், ஹவாய்த் தீவுச் செடியாம். தேடிப் பார்த்தால் நம் விராலிதான் அது. மற்றபடி விளம்பரங்கள் உண்டு, பழகிவிட்டது. அமெரிக்கப் பட்டியலா, பிரிட்டிஷ் பட்டியலா என்று முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். 'கலர்' அங்கே ஐந்தெழுத்து, இங்கே ஆறு.

செயலிக்கு உண்மையான சோதனை, எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கோக்கும் ஸ்கிராபிள் பலகையில். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை இருக்கிறார், தெருவுக்கே டீச்சர். ஞாயிறு மாலை ஆட்டம். ஆட்டம் முடியும்வரை கைபேசி வர்க்கி டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முடிந்த பிறகு, என் கையில் தங்கிய எழுத்துகளைச் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். இதிலும் ஒரு சிக்கல்: "டி" என்றால் நாய் டி-யா ('டாக்'), தேயிலை டி-யா ('டீ') என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஒருநாள் நாய் டி, எச், ஓ, எல், இ சேர்ந்து ஒரு சொல் வந்தது. செயலி கதை விடுகிறது என்றேன். "அது செந்நாய், தம்பி. முதுமலையில் கூட்டமாகப் பார்த்திருக்கிறேன்" என்றார் டீச்சர். தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து வரும் காட்டெருமைக்கும் பாறையில் நிற்கும் வரையாட்டுக்கும் நான்கெழுத்தில் ஆங்கிலப் பெயர்கள் இருப்பது அதே வழியில்தான் தெரிந்தது. நாள்தோறும் பார்க்கும் விலங்குகள். பெயர் தெரியாமல் எத்தனை புள்ளிகளை விட்டேனோ! பொருள் காட்ட மட்டும் செயலி தனியாகப் பணம் கேட்கிறது. நான் கட்டவில்லை.

கியூ கதை வேறு. நூறு வில்லைகளில் அது ஒன்றே ஒன்று, 10 புள்ளி. யு நான்கு இருந்தும் வேண்டிய நேரத்தில் ஒன்றும் வராது. 'கியூ வேண்டும், யு கூடாது' என்று ஒருநாள் தேடினேன். பக்கீர், தலாக், நிகாப் என்று வரிசையாக வந்தன. எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் மார்க்கெட் தெருவில் காதில் விழுந்தவை. ஆங்கிலத்தில் அவை கியூவோடு நிற்பதுதான் செய்தி.

போன ஞாயிறு மீண்டும் கியூ வந்தது, யு வரவில்லை. 'தலாக்' வைக்க இரண்டு ஏ வேண்டும். கையில் ஒன்றுகூட இல்லை. செயலி கற்றுத்தந்த கியூ, ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லை வைத்து 11 புள்ளியோடு ஒதுங்கினேன். சீனத்தில் உயிர்மூச்சு என்று பொருள், 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். டீச்சர் பலகையைக் குனிந்து பார்த்தார். "சீ" என்றார். சொல்லைப் படித்தாரா, என் ஆட்டத்தைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.