டர்டில்பாட்3 பர்கர்: பல பேட்ச் கைமாறிய பிறகு

ரோபோவைப் பெட்டியிலிருந்து எடுத்த வாரத்திலேயே எழுதும் விமர்சனங்கள் ஏராளம். ஒரே லேபில் வருடக்கணக்கில் ஓடி, பேட்ச் பேட்சாக மாணவர்கள் கைமாறிய பிறகு அது என்ன நிலையில் இருக்கிறது என்று எழுத ஆள் குறைவு. நான் வட சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் ரோபாட்டிக்ஸ் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் ஸ்டாஃப். எங்களிடம் இருப்பவை டர்டில்பாட்3 பர்கர் என்ற குட்டிச் சக்கர ரோபோக்கள், லேபில் நாங்கள் 'வண்டி' என்போம். வண்டி நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஓடுவதும் முடங்குவதும் ஸ்பெக் ஷீட்டைவிட லேபில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த அனுபவப் பகிர்வில் பாதி வண்டியைப் பற்றி, மீதி ஆட்களைப் பற்றி.

தெரியாதவர்களுக்காக: 2017-ல் வந்த மாடல் இது. எடை சுமார் 1 கிலோ, உயரம் ஒரு சாணுக்கும் குறைவு, அதிகபட்ச வேகம் விநாடிக்கு 0.22 மீட்டர். தலையில் சுற்றிக்கொண்டே லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் லைடார், நடு அடுக்கில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, அதற்குக் கீழே கன்ட்ரோலர் போர்டு, இரண்டு டைனமிக்ஸல் மோட்டார், பின்னால் ஒரு குண்டுச் சக்கரம். 15 கிலோ தாங்கும் என்று கையேடு சொல்கிறது. உச்சியில் லைடார் சுழல்வதால் அந்த 15 கிலோவை எங்கே வைப்பது என்று முதல் வருட மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மோட்டார்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பெரிய எதிரி தூசி. ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க கன்டெய்னர் லாரி. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாள்வதை நிறுத்தி, அது எண்ணூர் பக்கம் போனது. தூசி மட்டும் எங்களை விடவில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில் இந்தத் தூசி படிந்தால் சக்கரம் வழுக்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் வண்டி தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. வழுக்கிய சுற்றையும் அது வந்த தூரமாகவே எழுதிக்கொள்ளும். லைடார் இந்தப் பிழையை ஓரளவு சரிக்கட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாமல், வண்டி வரையும் மேப்பில் ஒரே சுவர் இரட்டைச் சுவராக விழும்.

இந்த இரட்டைச் சுவருக்காக எங்கள் ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்) ஒருவர் நாள்கணக்கில் மென்பொருள் அளவுருக்களை மாற்றிக்கொண்டிருந்தார். லேப் அசிஸ்டென்ட் அண்ணன், முன்பு வியாசர்பாடியில் லேத் பட்டறையில் இருந்தவர், ஒருநாள் சும்மா வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். குண்டுச் சக்கரத்தில் சுற்றியிருந்த முடியைப் பிடுங்கினார், டயரை ஸ்பிரிட் துணியால் துடைத்தார், கீழே வைத்தார். சுவர் ஒன்றானது. "தம்பி, கம்ப்யூட்டர்ல தேடுனா அழுக்கு எப்படி கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தப் பரிசோதனைக்கு முன்னாலும் டயர் துடைப்பது லேப் விதி. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வரி வராது.

அடுத்தவர் தரை துடைக்கும் அக்கா. காலையில் மாப் போட வரும்போது குறுக்கே நிற்கும் வண்டியைத் தூக்கி ஓரமாக வைப்பார். நியாயமான காரியம். ஆனால் வண்டிக்குத் தன்னை யாரோ தூக்கினார்கள் என்பது தெரியாது. பழைய இடத்திலேயே நிற்பதாக நினைத்துக் கிளம்பும், சுவரைப் பார்த்துத் திகைக்கும். இதைக் 'கடத்தப்பட்ட ரோபோ' சிக்கல் என்பார்கள், பாடப்புத்தகத்திலேயே உண்டு. திரையில் மேப்பைத் திறந்து, "நீ இருப்பது இங்கே" என்று அம்புக்குறியால் காட்டினால்தான் தெளியும். மாணவர்கள் அக்காமேல் கோபப்பட்டார்கள். எங்கள் மேடம் கோபப்படவில்லை. தரையில் மஞ்சள் டேப்பால் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரு அம்பும் வரைந்து, "எடுத்தா இதுல வைங்கக்கா, மூஞ்சி இந்தப் பக்கம் பார்த்து" என்று சொல்லிக்கொடுத்தார். ஆரம்ப இடத்தை அந்தக் கட்டத்துக்கே நிரந்தரமாக எழுதிவிட்டோம். இப்போது வேறு யாராவது வண்டியைக் கண்ட இடத்தில் விட்டால் முதலில் சத்தம் போடுவது அக்காதான்: "இன்னா இது, வண்டி வழி தெரியாம முழிக்குது பாரு, யாரு எடுத்தது?" ஈரத் தரையில் ஓட்டாதீர்கள் என்பதும் அவர் சொல்லித்தான் வழக்கமானது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இறுதியாண்டு ப்ராஜெக்ட் கூட்டம். எல்லா வண்டியும் ஒரே வைஃபையில். வண்டியை இயக்கும் மென்பொருளான ஆர்ஓஎஸ்2-ல் ஒரே நெட்வொர்க்கில் ஒரே டொமைன் எண்ணோடு இருக்கும் எல்லாமே ஒன்றையொன்று கேட்கும். கையேட்டைப் பார்த்து எல்லோரும் 30 என்றே போட்டிருந்தார்கள். ஒருத்தி கீபோர்டில் முன்னால் போ என்று தட்டினால் பக்கத்து மேசை வண்டியும் சேர்ந்து கிளம்பும். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு குழு சீரியஸாகவே நம்பியது! வண்டிமேல் ஸ்டிக்கர் எண், அதே எண்தான் டொமைன் என்று வைத்த பிறகு பேய் போய்விட்டது.

பேட்டரி. 11.1 வோல்ட், 1800 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்). புதிதில் இரண்டரை மணி நேரம் என்பது கணக்கு. பழசானால் அதில் பாதிகூட வராது. லிப்போவை முழுசாக ஏற்றியோ, முழுசாகக் காலி செய்தோ மே மாத வெயிலில் பூட்டிய அறையில் விட்டுப் போகக்கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட்டுப் போக வேண்டும், இதிலுள்ள மூன்று செல்லுக்கும் சேர்த்து 11.4. விடுமுறை முடிந்து வந்தபோது உள்ளூரில் வாங்கிய சில பேட்டரிகள் உப்பியிருந்தன. விற்ற கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அவற்றை அண்ணன் மணல் வாளியில் போட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். சார்ஜில் போட்டால் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. நாங்கள் பழகிய ஆர்ஓஎஸ்1-ன் கடைசிப் பதிப்பான நோயெடிக்குக்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. ஆர்ஓஎஸ்2-ன் ஹம்பிள் பதிப்புக்கு மாறினோம், பழைய ராஸ்பெர்ரி பை 3 அதில் திணறியதால் பை 4 போட்டோம். மாற்றத்தில் உண்மையான வலி வேறு. பழைய அமைப்பைக் கட்டிய ஸ்காலர் தீசிஸ் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். தடைகளிலிருந்து வண்டி எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அதைப் பெரிதாக வைத்துவிட்டதால், வட சென்னை மிண்ட் பகுதியில் ஷேர் ஆட்டோ யோசிக்காமல் நுழையும் இடைவெளி போல இரண்டு மேசைக்கு நடுவே தாராளமாக வழி இருந்தும் வண்டி நுழையவே மாட்டேன் என்றது. போன ஆளுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு, "அந்த மேசை இடைவெளியை அளந்து வச்சேன்கா, பழைய நோட்டுல இருக்கும்" என்று பதில் வந்த பிறகுதான் தீர்ந்தது. இப்போது எந்த எண்ணை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதாமல் மேடம் நோ ட்யூஸில் (பாக்கி எதுவும் இல்லை என்ற படிவம்) கையெழுத்துப் போடுவதில்லை. கறார்தான், ஆனால் வேலை செய்கிறது.

கண்ணாடிக் கதவு லைடாரின் லேசருக்குத் தெரியாது. கீழ்ப்பகுதியில் காகிதம் ஒட்டுங்கள், அவ்வளவுதான்.

வாங்கலாமா என்று கேட்கும் கல்லூரிகளுக்கு: கற்றுக்கொடுக்க வாங்கலாம். வெளியே, மண் தரையில், வாசற்படி தாண்டி ஓட்ட நினைத்தால் வேண்டாம். வண்டிக்கு இரண்டு பேட்டரி, ஒரு நல்ல சார்ஜர், கூடுதல் டயர் இவற்றை முதல் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் நிதி வர அடுத்த வருடம் ஆகும். லேப் அசிஸ்டென்ட் பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்பிவிட்டு ஆர்டர் போடுங்கள். ஹம்பிளுக்கான ஆதரவு 2027 மே வரை. எங்கள் அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் நிறைய வருடம் இருக்கிறது.