டச்பேட்ட மாத்தோணும்னு யாராவது சொன்னா, மொதல்ல இந்தக் கடைக்குப் போயிருங்க

திருப்பூர்ல லேப்டாப் சர்வீஸ் கடைக்குப் பஞ்சமே இல்லீங்க, ஆனா பின்னாடி ஸ்க்ரூவக் கழட்டறதுக்கு முன்னாடி "எப்ப எப்ப இப்படி ஆகுது, அப்ப என்னென்ன சொருகியிருந்தீங்க"ன்னு உக்கார வெச்சுக் கேக்கற கடை நெம்பக் கம்மி. காதர்பேட்டை பக்கம் பனியன் ஹோல்சேல் கடைகளுக்கு நடுவால மாடியில இருக்கற இந்தச் சின்னக் கடை அந்த மாதிரி ஒண்ணு. அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறேன். ஏன்னு விவரமாவே எழுதறேன், ஏன்னா டச்பேட் திடீர்னு நின்னுபோற பிரச்சனை எங்க ஆபீஸ்லயே நெறைய பேருக்கு இருக்கு, அதுக்குத் தேவையில்லாம காசு செலவு பண்றவங்களையும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர். பகல் பூரா டெஸ்க்ல ஒயர்லெஸ் மவுஸ், பொழுதோட டையிங் யூனிட், பிரிண்டிங் யூனிட்னு அலையும்போது கார்ல மடியில வெச்சு டச்பேட்லதான் பையர் மெயிலுக்குப் பதில் போடறது. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதால எங்க ஆபீஸ்ல எல்லா லேப்டாப்பையும் 11க்கு மாத்துனாங்க. அதுக்கப்பறம் என்ற லேப்டாப்ல டச்பேட் சில நாள் சுத்தமா வேலை செய்ய மாட்டீங்குது, சில நாள் தானா நல்லாயிருது. ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டுனதுக்கு, டச்பேட் போச்சுங்க, பாம்ரெஸ்டோட, அதான் கை வெக்கற மேல் பாகத்தோட, சேத்துத்தான் மாத்தோணும், 4,500 ரூபா ஆகும், லேப்டாப்ப விட்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. ஷிப்மெண்ட் நேரத்துல லேப்டாப்ப விட்டுட்டு நான் எங்க போறது? கூட வேலை செய்யற அக்கா சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். லேப்டாப்ப வாங்கித் தெறந்தாரு, டச்பேட்ல வெரல வெச்சு இழுத்தாரு, அம்பு அசையல. "அம்மணி, மவுஸ் எங்க?"ன்னாரு. ஆபீஸ்ல டேபிள் மேல இருக்குங்ணான்னேன். உடனே லேப்டாப்ப சைடுல திருப்பி யூஎஸ்பி போர்ட்டப் பாத்தாரு, அங்க மவுஸோட டாங்கிள், அதான் மவுஸ் சிக்னல வாங்கற குட்டி ரிசீவர், இருந்துச்சு, வெரல் நகம் அளவுதான் இருக்கும், எல்லாரும் அதைப் போர்ட்டுலயே விட்டுத்தான வெச்சிருப்போம். அதைப் புடுங்கி என்ற கையில குடுத்துட்டு இப்ப இழுத்துப் பாருங்கன்னாரு. இழுத்தேன், அம்பு ஓடுச்சு. மறுபடி சொருகச் சொன்னாரு, நின்னுபோச்சு.

அவரு சொன்ன வெளக்கம் என்னன்னா, மவுஸ் ஆஃப்ல இருந்தாலும் சரி, ஊருக்கு அக்கட்டால இருந்தாலும் சரி, கம்ப்யூட்டருக்குத் தெரியறது அந்த டாங்கிள் மட்டுந்தான், அதுதான் "நானு ஒரு மவுஸு"ன்னு உள்ள போய்ச் சொல்லுது. மவுஸ் இருந்தா டச்பேட்ட நிறுத்திருன்னு எங்கயாவது செட்டிங் இருந்துச்சுன்னா, டாங்கிள் இருக்கற வரைக்கும் டச்பேட் நின்னேதான் கெடக்கும். சில நாள் தானா நல்லானதுக்கும் அப்பத்தான் காரணம் புரிஞ்சுது, என்ற லேப்டாப்ல ரெண்டே போர்ட்டுதான், ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் ஒட்டுக்கா போட வேண்டிய நாள்ல டாங்கிளக் கழட்டிப்போட்டு சொருகுவேன், அன்னிக்கெல்லாம் டச்பேட் ஓடியிருக்கு.

செட்டிங்க அவரே மாத்தல, என்ற கையாலயே மாத்த வெச்சாரு, எனக்கு இதுதான் நெம்பப் புடிச்சது. செட்டிங்ஸ்ல ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதுக்குள்ள டச்பேட், அங்க மேல இருக்கற டச்பேட் வரிக்குப் பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்குமுங்க, அதைத் தொட்டாத்தான் கீழ விரியும், "லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்"னு ஒரு கட்டம், அதுல டிக் போடோணும். புதுசா செட் பண்ணும்போது என்றதுல அந்த டிக் இல்லாம போயிருக்கு. அந்த வரி விரியும்னே நெறைய பேருக்குத் தெரியாது, ஆன் ஆஃப் மட்டும் பாத்துட்டு "ஆன்லதான இருக்கு"ன்னு வெளிய வந்துருவாங்க. கொஞ்சம் பழைய லேப்டாப்புன்னா அங்க அந்தக் கட்டமே இருக்காது, விண்டோஸ் கீயும் ஆரும் சேத்து அமுக்கி மெயின் டாட் சிபிஎல்னு போட்டா மவுஸ் ப்ராப்பர்டீஸ் வரும், அதுல கடைசி டேப் சினாப்டிக்ஸ் இல்லாட்டி ஈலான்னு டச்பேட் கம்பெனி பேர்ல இருக்கும், யூஎஸ்பி மவுஸ் போட்டா டச்பேட்ட அணைக்கச் சொல்ற டிக் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்னு இன்னொரு லேப்டாப்ல தெறந்து காட்டுனாரு. இது போக எஃப்என் கீயோட ஒரு பட்டன் தெரியாம அமுங்கி டச்பேட் நின்னிருக்கறதும் நெறைய வருதாம்.

அதோட அனுப்பிருக்கலாம், ஆனா வேற எதாவது தொந்தரவு இருக்குதான்னு கேட்டாரு. ஹார்டு டிஸ்க்ல போட்டோ காப்பி பண்ணும்போது மவுஸ் விக்கி விக்கிப் போகுதுங்ணான்னேன், டச்பேட்டும் மவுஸும் ஒண்ணோடொண்ணு மல்லுக்கட்டுதுன்னுதான் அது வரைக்கும் நெனச்சிருந்தேன். அவரு ரெண்டு போர்ட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதைக் காட்டுனாரு. யூஎஸ்பி 3 வேகத்துல டேட்டா ஓடும்போது கெளம்பற மின் எரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பரவுமாம், மவுஸ் டாங்கிள் பேசறதும் அதே 2.4ல, அதனால சிக்னல் அமுங்கிப் போகுது. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், சிப் செய்யற இண்டெல் கம்பெனி 2012லயே இதைப் பத்தி ஒரு தொழில்நுட்ப அறிக்கை போட்டிருக்காங்க, டாங்கிளத் தள்ளி வைங்கன்னுதான் அதுலயும் வருது. கடையில 120 ரூபாக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் குடுத்தாரு, டாங்கிள் இப்ப ஹார்டு டிஸ்க்ல இருந்து ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கு, விக்கறது சுத்தமா நின்னுருச்சு.

எங்க பிரிண்ட் டிசைனர் பொண்ணுக்கு வேற மாதிரி. அவ பென் டேப்லெட் வெச்சு வரையறவ, டேப்லெட்ட சொருகுனா டச்பேட் படுத்துரும், மவுஸே வாங்காதவளுக்கு மவுஸ் செட்டிங் எப்படித் தோணும்? அவளையும் கூட்டிட்டுப் போனேன். அண்ணன் டிவைஸ் மேனேஜரத் தெறந்து "மைஸ் அண்ட் அதர் பாயிண்டிங் டிவைசஸ்"ங்கற வரிய விரிச்சு வெச்சுட்டு டேப்லெட்ட சொருகச் சொன்னாரு, எச்ஐடி மவுஸ்னு புதுசா ஒரு வரி அப்பவே மொளைச்சுது. புடுங்குனா மறையுது. மவுஸ் மாதிரி பேர் குடுக்கற எதுவா இருந்தாலும் இப்படி அந்த லிஸ்ட்லயே புடிச்சரலாம்னாரு. இதுக்கும் அதே டிக்தான் வைத்தியம்.

எல்லாமே செட்டிங்னு சொல்லி அனுப்பற ஆளும் இல்லீங்க. சோமனூர்ல தறி ஓட்டற எங்க சித்தப்பா லேப்டாப்ல, சார்ஜ் போட்டா மட்டும் அம்பு தானா நடுங்கிட்டுத் திரியும், மவுஸ் போட்டாலும் நிக்காது. அண்ணன் சார்ஜரப் புடுங்கிட்டு பேட்டரில ஓட்டச் சொன்னாரு, நடுக்கம் நின்னுச்சு. தறிக்குடோன்ல பிளக் பாயிண்டுக்கு எர்த்தே இல்ல, லேப்டாப் மேல கை வெச்சா லேசா சுள்ளுங்கறதும் அதனாலதான். வெரல் பட்டா டச்பேட்ல மின்புலம் லேசா மாறும், அதை வெச்சுத்தான் தொடறதக் கண்டுபுடிக்குது, சார்ஜர் வழியா எரைச்சல் உள்ள வந்தா அதையும் வெரல்னு நெனச்சுக்கும். எலக்ட்ரீசியனக் கூப்டு எர்த் போடுங்கன்னு சொல்லிட்டு ஒரு பைசா வாங்கல. நாங்க அங்க இருக்கும்போதே வந்த இன்னொரு லேப்டாப்ப கண்ணாடி மேஜை மேல வெச்சு மூலையில தட்டுனாரு, ஆடுச்சு. அடிப்பக்கம் உப்பியிருக்கு, பேட்டரி வீங்கி கீழ இருந்து டச்பேட்டத் தள்ளுது, அதான் தானா கிளிக் ஆகுது, இனி சார்ஜே போடாதீங்க, இங்கயே வெச்சுட்டுப் போங்கன்னு குரல ஒசத்தியே சொன்னாரு. எங்ககிட்ட சிரிச்சுப் பேசுன மனுசன் அந்த ஒரு விசயத்துல விட்டுக்குடுக்கவே இல்ல, அது சரியும்கூட, வீங்குன லித்தியம் பேட்டரி தீப்புடிக்கற சாமான்.

கொறைன்னு சொன்னா, கடை நெம்பச் சின்னது, மூணு பேர் நின்னா நாலாவது ஆள் படிக்கட்டுலதான் நிக்கோணும். ஃபோன் பண்ணுனா எடுக்கறதே இல்ல. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல போனா கூட்டம், வண்டி நிறுத்தவும் எடமில்ல, அதனால மத்தியானம் போறது நல்லது. பில் கேட்டாத்தான் தர்றாரு, கம்பெனிக்கு வேணும்னா மொதல்லயே சொல்லிருங்க. என்கிட்ட பாக்கறதுக்கு 200 ரூபா வாங்குனாரு, ஒயர் தனி. ஒரு டிக் போடறதுக்கு 200 ரூபாயான்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாப்ல. எந்த டிக்குன்னு தெரிஞ்சதுக்குத்தான் அந்த 200, எனக்கு அது சந்தோசமாக் குடுத்த காசு.

போறவங்க லேப்டாப்ப மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க. தெனமும் அதுல என்னென்ன சொருகறீங்களோ, மவுஸ், டாங்கிள், சார்ஜர், ஹார்டு டிஸ்க், பென் டேப்லெட், அத்தனையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அண்ணன் மொதல்ல கேக்கறதே அதைத்தான்.