கூலன்ட் ஒழுகினால்: மருந்து ஊற்றுவதா, டேங்க் மாற்றுவதா, புது ரேடியேட்டரா?

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட், ரிசர்வ் டேங்கில் அடிக்கடி குறைகிறது என்று கடைக்குப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "ஒரு டப்பா லீக் மருந்து ஊத்துங்கண்ணே, நின்னுடும்" என்பார் ஒருவர். கூலன்ட்டை ஆறவைக்கும் ரேடியேட்டரைக் கழற்றி, அதன் பக்கத்து டேங்கை மட்டும் மாற்றிவிடலாம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எடுத்த எடுப்பிலேயே புது ரேடியேட்டர் போடச் சொல்வார். மூன்றும் சரியாக வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் எதைச் செய்தாலும் பாதி நேரம் காசு வீண்தான். அதனால் கண்டுபிடிக்கும் வழிகளை முதலில் ஒப்பிட்டுவிடுவோம்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயம். வெயில் காலத்தில் ஏசி போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். நிறமும் வாசனையும் பிசுபிசுப்பும் இல்லாவிட்டால் அது ஏசித் தண்ணீர், கவலை வேண்டாம். கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழுவழுக்கும், இனிப்பு வாடை வரும். அடுத்தது ரேடியேட்டர் மூடி. மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் 'பார்' (bar) அளவில் போட்டிருக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்துபோனால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே போய்விடும். வேறு எங்குமே ஓட்டை இருக்காது. ரேடியேட்டரில் கை வைக்கும் முன் மூடியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே கூடாது. பீறிட்டு வரும் கூலன்ட் முகத்தைப் பொசுக்கிவிடும்.

இனி லீக்கைக் கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்டரா, யுவி (புற ஊதா) விளக்கில் ஒளிரும் சாயமா? பிரஷர் டெஸ்டர் என்பது மீட்டர் வைத்த கைப்பம்பு. இன்ஜின் ஆறியபின் மூடி இருந்த இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை மட்டும் காற்றடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்ல செய்தி. இறங்கினால் டார்ச்சோடு தேட வேண்டியதுதான். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துளை, முன் சீட்டுக் கால்மிதி என்று வரிசையாகப் பார்க்கலாம். கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஆவி படிந்தால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர், போயிருக்கும். மெதுவாகக் கசியும் இடத்தில் பெரும்பாலும் சொட்டு தெரியாது. கூலன்ட் சூட்டில் காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்கு மட்டும் ஒட்டியிருக்கும்.

குளிர்ந்த நிலையில் ஹோஸும் கிளாம்பும் சுருங்கும்போது மட்டும் ஒழுகும் லீக்கை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். சூடேறிய பிறகு மட்டும் திறக்கும் விரிசலை இது தவறவிடலாம். அங்கேதான் யுவி சாயம் உதவும். கூலன்ட்டில் கலந்து, ஓரிரு நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி விளக்கடித்தால் கசிந்த இடம் பளிச்சென்று ஒளிரும். என்னைக் கேட்டால் முதலில் பிரஷர், அதில் சிக்காவிட்டால் சாயம். ஒரு சோதனையும் செய்யாமல் எஸ்டிமேட் போடும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

ஹோஸ் என்றால் யோசிக்க எதுவுமில்லை, மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்பும் அப்படித்தான். டைமிங் பெல்ட்டால் ஓடும் பம்பாக இருந்தால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுவது லாபம், ஏனென்றால் கூலியில் பெரும்பகுதி பிரித்து மாட்டுவதற்குத்தான் போகிறது.

நிஜமான குழப்பம் ரேடியேட்டரில்தான். அந்தக் காலத்து செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள், அது பல வருடம் தாங்கியது. இன்றைய கார்களில் நடுவே அலுமினியம், இரு பக்கமும் நைலான் டேங்க். அலுமினியப் பற்களை மடித்து இரண்டையும் சேர்த்திருப்பார்கள், நடுவில் ரப்பர் கேஸ்கெட். வருடக்கணக்காகச் சூடேறி ஆறி நைலான் முறுகிப்போய் விரிசல் விடுகிறது. அதன்மேல் எபாக்ஸி பூசுவது ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

அலுமினியப் பகுதி நன்றாக இருந்து டேங்கில் மட்டும் விரிசல் என்றால், ரேடியேட்டர் கடைகளில் டேங்கை மட்டும் மாற்றி, புது கேஸ்கெட் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். செலவு குறைவு. மடித்தபின் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் காட்டச் சொல்லி, குமிழி வருகிறதா என்று நீங்களே பாருங்கள். ஆனால் பற்கள் ஒருமுறை மடித்து நிமிர்ந்தவை, இன்னொரு முறை தாங்குமா என்பது சந்தேகம். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்குழாய்களிலும் காறை படிந்திருக்கும். அப்படிப்பட்ட ரேடியேட்டரில் டேங்க் மாற்றுவதைவிட முழுசாகப் புதிது போடுவதே சிக்கனம். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் என் ஓட்டு புதிதுக்கே.

சரி, லீக் மருந்து? லாரிக்காரர்கள் மஞ்சள்தூள் போட்டதும் இதே தத்துவம்தான்: கூலன்ட்டோடு சுற்றும் துகள் ஓட்டையில் போய் அடைக்கும். ஊசிமுனை ஓட்டையில் இது வேலை செய்யும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவழியில், ராத்திரியில், குடும்பத்தோடு மாட்டிக்கொண்டால் ஊற்றலாம். ஆனால் அதே துகள் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாயையும் அடைக்கக்கூடும். வீடு சேர்ந்ததும் முறையாகச் சரிசெய்து, சிஸ்டத்தைக் கழுவிவிட வேண்டும். விரிசல் விட்ட டேங்குக்கும் கிழிந்த ஹோஸுக்கும் இது உதவாது.

இன்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் மட்டும் கணக்கே வேறு. வெளியே சொட்டு இல்லாமல் கூலன்ட் குறையும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும், ஆயில் பால்காபி மாதிரி மாறும். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்த குழாயைப் பொருத்தும் சோதனை இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் எரிந்த வாயு கலந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து (மட்டமாகச் சீவி) புது கேஸ்கெட் போட வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துப் போவதே நல்லது.

எதைச் சரிசெய்தாலும் திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை முழுசாக வெளியேற்றச் சொல்லுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்த டப்பாவில் விட்டுவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய் குடிக்கும், பூனையும் நக்கிவிடும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து அவற்றைக் கொன்றுவிடும்.