பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு: காரணியா, சூத்திரமா, வர்க்கப்பூர்த்தியா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சாயங்கால டியூஷன்களில் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் காரணிப்படுத்தலில்தான் இறங்குவார்கள். அது சட்டென்று அமையாவிட்டால் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல்தான். மூன்று வழிகளையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

காசிமேட்டில் ஒருவர் 1800 ரூபாய்க்குச் சங்கரா மீன் வாங்குகிறார். கிலோவுக்கு 20 ரூபாய் குறைந்திருந்தால், அதே பணத்துக்கு 1 கிலோ கூடக் கிடைத்திருக்கும். ஒரு கிலோ என்ன விலை?

விலையை 'வி' என்று வைப்போம். விலை குறைந்தால் எடை கூடும். ஆகவே பெரிய பின்னம் முன்னால் வரும்:
1800/(வி − 20) − 1800/வி = 1
இதை மாற்றி எழுதிவிட்டால் எந்த வழியில் போனாலும் விடை வராது. சுருக்கினால்:
வி² − 20வி − 36000 = 0

காரணிப்படுத்தல்: பெருக்கினால் −36000, கூட்டினால் −20 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 36 × 1000, 40 × 900 என்று தொடங்கினால் நேரம்தான் போகும். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் வெறும் 20. ஆகவே இரண்டும் 36000-இன் வர்க்கமூலமான சுமார் 190-ஐ ஒட்டித்தான் இருக்கும். +180, −200. (வி + 180)(வி − 200) = 0, வி = 200. முடிந்தது.

சூத்திரம்: ஏவி² + பிவி + சி = 0 என்றால் வி = (−பி ± √(பி² − 4ஏசி))/2ஏ. மூலக்குறிக்குள் இருக்கும் பி² − 4ஏசி-தான் தன்மைகாட்டி. இங்கே அது 400 + 144000 = 144400, அதன் மூலம் 380. வி = (20 + 380)/2 = 200. இங்கே மார்க் போவது குறிகளில்தான். பி = −20 என்பதால் −பி என்பது +20; சி குறை எண் என்பதால் −4ஏசி கூட்டலாகிவிடும். இன்னொரு தவறு, 380-ஐ மட்டும் 2-ஆல் வகுப்பது. அப்போது 20 + 190 = 210 என்று தப்பு விலை வந்து நிற்கும்.

வர்க்கப்பூர்த்தி, அதாவது இடப்பக்கத்தை முழு வர்க்கமாக்குவது: வி² − 20வி = 36000 என்று எழுதுங்கள். 20-இல் பாதி 10, அதன் வர்க்கம் 100. இரு பக்கமும் கூட்டினால் (வி − 10)² = 36100; வி − 10 = ±190. சூத்திரத்தில் வந்த 144400 அளவுக்குப் பெரிய எண் இல்லை. பிள்ளைகள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள், ஆனால் இந்தக் கணக்குக்கு இதுதான் சுருக்கமான வழி என்பேன். ± போட மறக்கக் கூடாது. −180 என்ற தீர்வையும் எழுதி, விலை குறை எண்ணாக இருக்க முடியாது என்று காரணம் சொல்லி நீக்க வேண்டும்.

அதே வழி 2வி² − 5வி − 3 = 0 என்பதில் படுத்தும். 2-ஆல் வகுத்து, 5/2-இல் பாதி 5/4, வர்க்கம் 25/16 என்று பின்னம் மேல் பின்னம். சூத்திரத்தில் 25 + 24 = 49, மூலம் 7; விடை 3, −1/2.

வி² − 6வி + 7 = 0 வேறு மாதிரி. தன்மைகாட்டி 36 − 28 = 8, முழு வர்க்கம் இல்லை. முழு எண் காரணி கிடைக்கவே கிடைக்காது, தேடவும் வேண்டாம். வர்க்கப்பூர்த்தியில் (வி − 3)² = 2, விடை 3 ± √2.

பரீட்சையில் 3 மணி நேரம், 100 மார்க், கால்குலேட்டர் கிடையாது. 5 மார்க் கணக்குக்குக் கணக்குப்படி 9 நிமிடம். அதனால் தன்மைகாட்டியை முதலில் ஓரத்தில் போட்டுப் பாருங்கள்; அது முழு வர்க்கமாக வந்தால் மட்டும் காரணி தேடுங்கள். வினாவிலேயே வழியின் பெயர் இருந்தால் மட்டும் வேறு பேச்சில்லை, அந்த வழியில்தான் செய்ய வேண்டும்.

கடைசியாகச் சரிபார்ப்பு: 1800/200 = 9 கிலோ, 1800/180 = 10 கிலோ. 210 என்று வந்தவருக்கு இங்கேயே தப்பு தெரிந்துவிடும்.