லேசர் புள்ளியால் மரப்பரப்பைத் தரம் பிரித்தல்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

இழைத்த பைன் பலகையில் சிவப்பு லேசர் புள்ளி விழுந்தால் வட்டமாக நிற்காது. நார் ஓடும் திசையில் இருபுறமும் வால் விட்டு நீளும். பைன் போன்ற மென்மரத்தின் செல்கள் சுமார் 3 மி.மீ. நீளமுள்ள நுண்குழாய்கள். உள்ளே புகுந்த ஒளி குறுக்கே போவதைவிட அவற்றின் நீளவாக்கில் சுலபமாக ஓடும். கணு இருக்கும் இடத்தில் நார் பலகைக்குள் இறங்கிவிடுவதால் வால் மறைந்து, புள்ளி சிறுத்து உருண்டுவிடுகிறது. நிறத்தை மட்டும் பார்க்கும் கேமரா, பூஞ்சையால் வரும் நீலக்கறையையும் கணு என்று எடுத்துக்கொள்ளும். லேசரில் அந்தக் குழப்பம் வெகுவாகக் குறைகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறை பெறுமானமுள்ளது.

கருவி எளிது: 650 நானோமீட்டர், 5 மில்லிவாட்டுக்குட்பட்ட லேசர் டயோடு, கருப்பு வெள்ளை கேமரா, லேசர் நிறத்தை மட்டும் விடும் ஃபில்டர். ஃபில்டர் ரொம்பக் குறுகலாக வேண்டாம். டயோடு சூடேறினால் அலைநீளம் சில நானோமீட்டர் நகர்ந்து வெளிச்சம் படிப்படியாக மங்கும். பல புள்ளிகள் போடுவதானால் வால்கள் ஒட்டாதபடி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது எக்ஸ்போஷரில்தான், அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவில். நடுப்பகுதி வெளுக்கக்கூடாது என்று குறைத்துவிடுவார்கள். அப்போது வாலே பதிவாகாது, நல்ல மரமும் கணுவாகத் தெரியும். நடு கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வால்.

அடுத்த சிக்கல், டயோடின் புள்ளியே பெரும்பாலும் நீள்வட்டமாக இருப்பது. கேமரா சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். பலகையை 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே திரும்பினால் அது மரத்தின் நார். திரும்பாமல் நின்றால் அளந்தது லேசரின் வடிவம். நீள அகல விகிதம் 1.2க்குக் கீழே போனால் அந்த நீள்வட்டம் காட்டும் நார்க் கோணத்தை நம்பாமல் விட்டுவிடுவது நல்லது.

தேக்கு போன்ற வன்மரங்களில் நார் குட்டை, வாலும் குட்டை. கணுவையும் நல்ல மரத்தையும் பிரிக்கப் பைனுக்கு வைத்த எல்லைமதிப்பு அங்கே செல்லாது. ரம்பம் அறுத்த சொரசொரப்பான முகத்தில் பிசிறுகளே ஒளியைச் சிதறடிக்கும், இழைத்த பிறகே அளக்க வேண்டும். ஈரப் பலகையையும் உலர்ந்ததையும் ஒரே அளவுகோலில் சேர்க்காதீர்கள்.

தினமும் காலையில் பளபளப்பில்லாத வெள்ளைத்தாளில் லேசர் புள்ளியை ஒரு படம் எடுத்து முந்தைய நாளுடன் ஒப்பிடுங்கள். புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் பெருத்திருந்தால் லேசர் அல்லது கேமராவின் முன்கண்ணாடியில் மரத்தூள் படிந்திருக்கிறது. லேசரை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.